நம் ஊர்ச் சபை எங்கிருந்து வந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், வாவியை ஒட்டிய வயற்கிராமம் ஒன்றின் மெதடிஸ்த சபையில் பிறந்து வளர்ந்தவன் நான். ஆசிரியர் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, சபையின் வரலாற்றை எழுதித் தரும்படி போதகர் கேட்டார். அதற்காகக் கிழக்குக் கரையான எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் அம்பாறைப் பக்கத்துக் கிராமங்களுக்கும் போய் வந்தேன். போன இடமெல்லாம் ஏறத்தாழ ஒரே சந்தேகங்களைத்தான் கேட்டார்கள். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியை ஒட்டியே கீழே எழுதியிருக்கிறேன். எங்கள் ஊரின் பெயரை எழுதவில்லை. இந்தக் கேள்விகள் ஓர் ஊருக்கு மட்டும் உரியவை அல்ல.

சேர், பிரஸ்பிட்டேரியன் சபை என்கிறார்களே, அது என்ன? வேறு மதமா?

வேறு மதம் இல்லை. புரட்டஸ்தாந்து கிறிஸ்தவத்தின் ஒரு பிரிவு. 'பிரஸ்பிட்டர்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு நம் வேதாகமத்தில் 'மூப்பர்' என்று இருக்கிறது. ஆயர் ஒருவர் மேலிருந்து ஆளாமல், சபையார் தெரிந்தெடுத்த மூப்பர்களும் போதகரும் ஒன்றாக உட்கார்ந்து சபையை நடத்துவதால் அந்தப் பெயர் வந்தது. பல சபைகளின் போதகர்களும் மூப்பர்களும் கூடும் மன்றம் அவற்றுக்கு மேலே இருக்கும்.

இந்த முறையின் வேர் ஜெனீவாவில் போதித்த ஜோன் கல்வினிடம் இருக்கிறது. அங்கிருந்து அது இரண்டு பக்கமாகப் போனது. ஸ்கொட்லாந்தில் 1560இல் ஜோன் நொக்ஸின் காலத்தில் நாட்டின் சபையானது. ஒல்லாந்தில் 'சீர்திருத்த சபை' என்ற பெயரில் வளர்ந்தது. இலங்கைக்கு முதலில் வந்தது ஒல்லாந்தருடையது.

எங்கள் ஆலயத்தை ஒல்லாந்தர்தான் கட்டினார்கள் என்று அப்பப்பா சொல்லுவார். சுவரைப் பாருங்கள், ஒரு முழத்துக்கு மேல் கனம். உண்மைதானே?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் கேட்டார்கள், அதிக ஆசையோடும் கேட்டார்கள். எங்கள் ஆலயத்திலும் மேற்குச் சுவரில் பூச்சு உதிர்ந்த இடத்தில் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் தெரிகின்றன. சின்ன வயதில் அதை விரலால் சுரண்டிப் பார்த்து, ஒல்லாந்தர் வைத்த கல் என்று நானும் நம்பியிருக்கிறேன். ஆனால் கனத்த சுவரும் சுண்ணாம்புச் சாந்தும் ஒல்லாந்தருக்கு மட்டும் உரியவை அல்ல. சீமெந்து மலிவாகக் கிடைக்கும்வரை ஆங்கிலேயர் காலத்திலும் அப்படித்தான் கட்டினார்கள். வளைவு வைத்த கதவுக்கும் அதே பதில்தான்.

மட்டக்களப்பில் ஒல்லாந்தரின் கையை நேராகக் காண வேண்டுமானால் புளியந்தீவுக் கோட்டைக்குப் போங்கள். 1628இல் போர்த்துக்கேயர் கட்டிய அந்தக் கோட்டையை 1638 மே மாதத்தில் ஒல்லாந்தர் பிடித்தார்கள். மாவட்ட அரசாங்கச் செயலகமான கச்சேரி நெடுங்காலம் இயங்கிய இடம் அது. கோட்டைக்குள் இருந்த ஒல்லாந்தர் சீர்திருத்த சபையினர். ஆகவே பிரஸ்பிட்டேரியன் முறை மட்டக்களப்பு மண்ணை மிதித்தது என்று சொல்வதில் தவறில்லை. அது வாவியைக் கடந்து நம் வயல்வட்டைகளுக்குள் வந்து ஆலயம் கட்டியது என்பதற்கு நான் பார்த்த எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரிகூட இல்லை. அப்பப்பா பொய் சொல்லவில்லை. பழைய கட்டடம் எதுவானாலும் 'ஒல்லாந்தர் காலத்தது' என்று சொல்வது நம் ஊர் வழக்கம். அவர் அதைச் சொன்னார்.

ஒன்றரை நூற்றாண்டு ஆண்டார்களே, அவர்களுடைய சபை எங்கே போய்விட்டது?

ஒல்லாந்தர் தங்கள் சபையைக் கிழக்கிந்தியக் கம்பனியின் கையோடு கட்டிவைத்திருந்தார்கள். போதகருக்குச் சம்பளம் கொடுத்ததும் கம்பனிதான், பள்ளிக்கூடத்தை நடத்தியதும் கம்பனிதான். கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தார்கள். அரசாங்க உத்தியோகம் வேண்டுமானால் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும். பிறப்பையும் திருமணத்தையும் பள்ளித் தோம்பு என்ற பதிவேட்டில் பதிந்தால்தான் வாரிசு உரிமைக்கு வழி. இப்படிச் சேர்ந்தவர்களின் பெயர்கள் தோம்பை நிரப்பின. 1795இல் மட்டக்களப்பும் 1796இல் கரையோரம் முழுவதும் ஆங்கிலேயர் கைக்குப் போனபோது அந்தக் கட்டாயம் நீங்கியது. பெயருக்குச் சேர்ந்திருந்தவர்கள் பல்லாயிரக்கணக்கில் தத்தம் பழைய வழிபாட்டுக்கே திரும்பிப் போனார்கள்.

அதே காலத்தில் கத்தோலிக்கர் பட்ட பாட்டையும் பாருங்கள். தடை இருந்தும், கோவாவிலிருந்து 1687இல் மறைவாக வந்த யோசேப் வாஸ் அடிகளும் அவருடைய துணைவர்களும் காட்டு வழியாக நடந்து அவர்களைக் காத்தார்கள். அரசாங்கம் தாங்கிய சபை கரைந்தது, அரசாங்கம் துரத்திய சபை நிலைத்தது. நான் புரட்டஸ்தாந்தக்காரன்தான், ஆனாலும் இதை எழுதாமல் விட மனம் ஒப்பவில்லை.

ஒல்லாந்தர் நமக்கு ஒன்றையுமே விட்டுப்போகவில்லையா?

விட்டுப்போனார்கள். அவர்களுடைய சபையில் போதகராகத் திருநிலைப்படுத்தப்பட்ட பிலிப் தெ மெல்லோ என்ற தமிழர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1759இல் கொழும்பில் அச்சானது. தமிழில் வேதம் படிக்கும் யாரும் அந்த உழைப்பை மறக்கக் கூடாது.

இன்னொன்று நம் நாவில் இருக்கிறது. அலுவலகத்தைக் 'கந்தோர்' என்கிறோமே, அது ஒல்லாந்தச் சொல். மேசையின் இழுப்பறையைச் சொல்லும் 'லாச்சி'யும் அவர்களுடையதுதான். எங்கள் சபையின் ஞானஸ்நானப் பதிவேடு நாற்பது வருடங்களாகப் போதகர் மேசையின் கீழ் லாச்சியில் கிடந்தது. ஒல்லாந்தர் எங்கள் ஆலயத்துக்குள் வந்ததற்கு நான் காட்டக்கூடிய ஒரே சான்று அந்தச் சொல்தான்.

அப்படியென்றால் நாங்கள் எப்படி மெதடிஸ்தக்காரர் ஆனோம்?

1813ஆம் ஆண்டின் கடைசி நாட்களில் கலாநிதி தோமஸ் கோக் என்பவர் இளம் ஊழியர்களைக் கூட்டிக்கொண்டு இங்கிலாந்திலிருந்து கப்பலேறினார். வழியில், 1814 மே மாதத்தில், கடலிலேயே அவர் இறந்துபோனார். தலைவரை இழந்த ஊழியர்கள் ஜூன் 29ஆம் திகதி காலியில் வந்து இறங்கி, யார் எங்கே போவது என்று தமக்குள் பிரித்துக்கொண்டார்கள். மட்டக்களப்புக்கு வந்தவர் வில்லியம் ஓல்ட்.

அவருடைய மனைவியும் அதே பயணத்தில் கப்பலிலேயே இறந்திருந்தார். துணையில்லாமல், மொழி தெரியாமல் வந்த அந்த மனிதர் தமிழ் படிக்கத் தொடங்கினார், பள்ளிக்கூடங்களைத் திறந்தார். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை 1814 என்று சொல்வது அவரை வைத்துத்தான். 1815 ஏப்ரல் முதலாம் திகதி அவரும் இறந்தார். வந்து ஓராண்டுகூட நிறையவில்லை. இந்தத் திகதிகளை எழுதும்போதெல்லாம் என் கை ஒரு நிமிடம் நின்றுவிடும்.

அவருக்குப் பின் வந்தவர்கள் வாவி வழியே தோணியில் ஊர் ஊராகப் போனார்கள். அவர்களைவிட அதிகம் நடந்தவர்கள் நம்மவர்களான உபதேசியார்களும் பள்ளிக்கூட வாத்திமாரும்தான். கரையோரம் கல்லாறு, கல்முனை என்று சபைகள் எழுந்தன. உள்ளே வயற்கிராமங்களில் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. நம்முடையது அந்தக் கொட்டில்களில் ஒன்று.

யாழ்ப்பாணத்தில் என் மருமகன் போகும் சபை அமெரிக்கன் மிஷன். அதுதானே பிரஸ்பிட்டேரியன்? நமக்கும் அவர்களுக்கும் என்ன உறவு?

பாதி சரி. 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன், ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆளும் 'கொங்கிரிகேஷனல்' வழியை முதன்மையாகக் கொண்டது. பிரஸ்பிட்டேரியன் சபையாரும் அந்த மிஷனைத் தாங்கினார்கள். கல்வினின் போதனை இரண்டுக்கும் பொது. 1947இல் பல புரட்டஸ்தாந்து சபைகள் ஒன்றிணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அந்த யாழ்ப்பாணச் சபைகள் அதில் சேர்ந்து ஓர் ஆதீனமாயின. சபாபதி குலேந்திரன் முதல் பேராயரானார். ஆகவே உங்கள் மருமகனுடைய சபைக்கு இப்போது பேராயர் உண்டு.

தென்னிந்தியாவின் மெதடிஸ்தர் அந்த ஒன்றிப்பில் சேர்ந்தார்கள். இலங்கை மெதடிஸ்தர் சேரவில்லை. 1964இல் இங்கிலாந்தின் பொறுப்பிலிருந்து விடுபட்டு, தனக்கென ஆளும் மன்றமான மாநாடு கொண்ட சபையாக நம் சபை நின்றது. மருமகனோடு திருவிருந்தில் பங்குகொள்வதற்கு இது எதுவும் தடையில்லை.

மட்டக்களப்பு நகரில் புனித அந்திரேயா ஆலயம் இருக்கிறதே! அந்திரேயா ஸ்கொட்லாந்தின் பாதுகாவலர். அப்போது அது ஸ்கொட்லாந்துச் சபைதானே?

இல்லை, அது அங்கிலிக்கன் ஆலயம். அப்போஸ்தலரின் பெயரை எந்தச் சபையும் வைக்கலாம். அதே பெயரில் கொழும்பு கொள்ளுப்பிட்டியில் இருக்கும் ஸ்கொட்ஸ் கேர்க்தான் ஸ்கொட்லாந்துப் பிரஸ்பிட்டேரியன் ஆலயம். ஒல்லாந்தர் வழியைக் காண வேண்டுமானால் கொழும்பிலேயே வொல்வெண்டால் ஆலயம் இருக்கிறது. 1757 முதல் அங்கே ஆராதனை நடக்கிறது. யாழ்ப்பாணக் கோட்டைக்குள் 1706இல் கட்டியிருந்த அவர்களுடைய பேராலயம் யுத்தத்தில் தரைமட்டமானது.

எங்கள் சபையிலும் மூப்பர் என்று ஒருவரை அழைக்கிறோம். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறோம். பிறகு பிரஸ்பிட்டேரியனுக்கும் நமக்கும் வித்தியாசம் எங்கே?

ஒற்றுமைதான் அதிகம். வித்தியாசம் தெரிய வேண்டுமானால், போதகர் மாறிப் போகும் நாளைப் பாருங்கள். பிரஸ்பிட்டேரியன் சபையில் சபையாரே போதகரைத் தெரிந்து அழைக்கிறார்கள். நம்மிடத்தில் மாநாடு நியமிக்கிறது. சில ஆண்டுகளில் வேறு சேகரத்துக்கு, அதாவது வேறு சபைத் தொகுதிக்கு, அனுப்பிவிடுகிறது. நல்ல போதகர் ஒருவர் பெட்டி கட்டும்போது கிழவிகள் அழுவதும், அடுத்தவர் வந்த மாதத்தில் அவரோடு ஒட்டிக்கொள்வதும் நம் சபையின் வழக்கமாகிவிட்டது. குதிரையில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்த ஜோன் வெஸ்லியிடமிருந்து வந்த முறை இது. மூப்பர் என்று நாம் அழைப்பது மரியாதைக்காக. முதற்கேள்வியில் சொன்ன மூப்பரோ, ஆளுகைப் பொறுப்புக்கென்று திருநிலைப்படுத்தப்பட்டவர்.

போதனையில் ஒன்று உண்டு. இரட்சிக்கப்படுவோரைக் கடவுள் முன்னமே தெரிந்துகொண்டார் என்பதைக் கல்வின் அழுத்திச் சொன்னார். கிருபை எல்லோருக்கும் திறந்திருக்கிறது, ஏற்பதும் தள்ளுவதும் மனிதன் கையில் என்பதை வெஸ்லி அழுத்திச் சொன்னார். புது வருடத்தின் முதல் ஞாயிறு நாம் எழுந்து நின்று உடன்படிக்கையைப் புதுப்பிக்கிறோமே, 1755இல் வெஸ்லி தொடங்கிய ஆராதனை அது. சபையின் அடையாளத்தை அந்த ஞாயிறில் தேடுங்கள், சுவரில் தேட வேண்டாம்.

ஆலயம் ஏன் வகுப்பறை மாதிரி நீளமாக இருக்கிறது? பக்கத்துப் பாடசாலை முன்பு நம்முடையதா?

ஆம், ஒரே கூரைதான் இரண்டுக்கும். திங்கள் முதல் வெள்ளிவரை அதில் பிள்ளைகள் அரிவரி படித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வாங்குகளைத் திருப்பிப் போட்டு ஆராதனை நடத்தினார்கள். வாத்தியாரே உபதேசியார். கிராமத்துச் சபைகள் பலவும் இப்படித்தான் தொடங்கின. பள்ளிக்கூடம் முதலில், ஆலயம் பிறகு.

1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெற்ற மிஷன் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. அன்றைக்கு வேலி விழுந்தது. எங்கள் கிணறு பாடசாலைப் பக்கமும் வேப்பமரம் ஆலயப் பக்கமும் போயின. சிலர் இதைப் பறிப்பு என்று இன்றும் வருந்துகிறார்கள். என் தகப்பனாரும் அப்படித்தான் வருந்தினார். ஆனால் வேலிக்கு இரண்டு பக்கமும் படித்த பிள்ளைகள் ஒரே ஊர்ப் பிள்ளைகள். அந்தப் பாடசாலையின் வரலாற்றை விட்டுவிட்டு ஆலயத்தின் வரலாற்றை எழுத முடியாது.

சோற்றுக்கும் வேலைக்கும் மாறியவர்கள் என்று ஊரில் பேசுகிறார்கள். இதை எழுதுவதா, மறைப்பதா?

எழுதுங்கள். ஒல்லாந்தர் காலத்தில் உத்தியோகத்துக்காக ஞானஸ்நானம் பெற்றவர்கள் இருந்தார்கள் என்று மேலே நானே சொல்லியிருக்கிறேன். ஆங்கிலேயர் காலத்தில் மிஷன் பள்ளிக்கூடம் வேலைக்கு வழியாக இருந்தது. அது சிலரை இழுத்திருக்கும். அதோடு நிறுத்திக்கொண்டால் அது பாதிக் கதை.

எங்கள் பதிவேட்டில் தகப்பன் தொழில் என்ற நிரலைப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். கமக்காரன், கமக்காரன், மீன்பிடி, கூலி, கமக்காரன். நூறு பெயருக்கு இரண்டு மூன்று பேர்தான் எழுத்து வேலை. வயலில் நின்ற தகப்பனின் மகன் வயலிலேயே நின்றான், ஆனால் ஆலயத்தை விடவில்லை. சூறாவளியிலும் இடம்பெயர்விலும் விடவில்லை. சோற்றுக்கு வந்தவன் சோறு இல்லாத காலத்தில் ஏன் தங்கினான்? இந்தக் கேள்வியையும் வரலாற்றில் எழுதிவைக்க வேண்டும்.

இன்னொன்று. மாறியவர்கள் உறவை அறுத்துக்கொண்டு போகவில்லை. கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்குக்கு ஊர் கூடும்போது நம் வீடுகளுக்கும் விருந்தாளி வருவார்கள். நம் அறுப்பின் பண்டிகையில் தயிர்ச் சட்டியையும் பூசணிக்காயையும் ஏலத்தில் கேட்பவர்களில் பாதிப் பேர் கோயில்காரர். சென்ற பெரும்போக அறுவடைக்குப் பின் நடந்த ஏலத்தில் முதற்கதிர்க் கட்டை எடுத்தவர் எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலின் நிர்வாகியான வண்ணக்கர்தான்.

ஆரம்ப ஆண்டு எது? ஆளுக்கொரு ஆண்டு சொல்லி, ஜூபிலி கொண்டாடுவதில் சண்டையே வந்துவிட்டது.

மூன்று ஆண்டுகளை மூன்றாகவே எழுதுங்கள்: முதலில் கூடிய ஆண்டு, பதிவேட்டில் முதல் ஞானஸ்நானம் விழுந்த ஆண்டு, இப்போதைய கட்டடத்துக்குக் கல் வைத்த ஆண்டு. முதலாவது வாய்மொழி, 'என்று சொல்லப்படுகிறது' என்று சேர்க்க வேண்டும். இரண்டாவதற்குக் கையெழுத்து உண்டு. மூன்றாவதற்குக் கல் உண்டு, ஆனால் கல்லும் சில வேளை திருத்தக் காலத்தில் மாற்றிப் பதித்ததாக இருக்கும். கொண்டாட்டத்துக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். ஒரு குழந்தையின் பெயரிலிருந்து சபையை எண்ணுவதில் குறை ஒன்றுமில்லை.

1814ஐ மட்டும் எழுதாதீர்கள். அது மட்டக்களப்பு மிஷனின் ஆண்டு. உங்கள் ஊரின் ஆண்டு அல்ல.

பழைய பதிவேடு இல்லை. 1978 சூறாவளியோடு போய்விட்டது. இனி என்ன செய்வது?

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு எங்கள் ஆலயத்து ஓடும் போனது. மறுநாள் காலையில் பதிவேட்டின் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, வேப்பமரத்துக்குக் கீழே பாயில் காயவைத்த பெண்களில் என் தாயாரும் ஒருவர். காய்ந்த தாள்கள் பலவற்றில் மை பரவி எழுத்து நீலக் கறையானது. கரையோரச் சபைகளில் எஞ்சியிருந்த பலவற்றை 2004 டிசம்பர் 26 கொண்டுபோனது.

முதலில் சேகரத்தின் தலைமை ஆலயத்தில் கேளுங்கள். கிராமத்துச் சபைக்குத் தனிப் பதிவேடு வருமுன், போதகர் அங்கேதான் எழுதியிருப்பார். இன்று அம்பாறை மாவட்டத்தில் இருக்கும் ஊரானாலும் மட்டக்களப்பில் தேடுங்கள். 1961வரை இரண்டும் ஒரே மாவட்டம். அடுத்து வீட்டு வேதாகமங்கள். முன் அட்டையின் உட்புறத்தில் பிறப்பும் இறப்பும் எழுதியிருப்பார்கள். எங்கள் சபையில் எட்டு வேதாகமங்களிலிருந்து அறுபதுக்கு மேற்பட்ட பெயர்களை மீட்டேன். பிறகு காணி உறுதிகள், கல்லறைகள், பாடசாலையின் சேர்வு இடாப்பு.

பூட்டனின் பெயரைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன். எங்கள் ஊர்ப் பதிவேட்டில் இல்லை. அவர் கிறிஸ்தவரே இல்லையா?

அவசரப்படாதீர்கள். நம் பகுதியில் கலியாணம் முடித்த ஆண், பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். வீடும் வளவும் மகளுக்குச் சீதனம். ஆகவே ஒரு குடும்பத்தின் பெண்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே சபையில் இருப்பார்கள். ஆண்கள் வெளியூரிலிருந்து வந்து சேர்வார்கள். பூட்டனின் ஞானஸ்நானம் அவருடைய தாய் ஊரில் இருக்கும். பூட்டியின் பெயரை முதலில் பிடியுங்கள், திருமணப் பதிவில் பூட்டன் எந்த ஊர் என்று இருக்கும், அங்கிருந்து போங்கள்.

என் பூட்டனை நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன். வாவிக்கு அக்கரையில், எழுவான்கரைச் சபை ஒன்றின் பதிவேட்டில் இருந்தார். 'பாதை' என்ற மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்து போய்ப் பார்த்தேன். ஞானஸ்நானத்துக்கு முன் வைத்த பெயரும் பின் வைத்த பெயரும் ஒரே வரியில் இருந்தன; அதனால்தான் எங்கள் ஊரில் ஒரு பெயராகவும் அங்கே வேறு பெயராகவும் இருந்திருக்கிறார். இரண்டு பெயர்களையும் தேடுங்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை இருபது பேர்கூட வருவதில்லை. பாதிக் குடும்பங்கள் வேறு சபைகளுக்குப் போய்விட்டன. போனவர்களின் பெயரையும் எழுத வேண்டுமா?

கட்டாயம் எழுத வேண்டும். வெளிநாடு போனவர், கொழும்புக்குப் போனவர், சுயாதீன சபைக்குப் போனவர், கோயிலுக்கே திரும்பியவர், யாரையும் விடக் கூடாது. போனதற்குக் காரணம் எழுதுவதானால் அவர்களிடமே கேட்டு எழுதுங்கள். ஊர்ப் பேச்சை எழுதாதீர்கள். எங்கள் சபையை விட்டுப் போன ஒரு தாயிடம் கேட்கப் போனேன். கோபிப்பார் என்று பயந்துகொண்டே போனேன். அவர் உள்ளே போய்ப் பழைய பிஸ்கட் பேணி ஒன்றை எடுத்து வந்தார். அதற்குள், 1978இல் பாயில் காயவைத்தபோது காற்றில் பறந்து அவருடைய வளவில் விழுந்த தாள் ஒன்று நான்காக மடித்து இருந்தது. அதில் ஏழு பெயர்கள் இருந்தன. ஐந்தைப் படிக்க முடிந்தது.